பெங்களூர்த் தொட்டியில் கனகாம்பரம்

ஊரில் கிணற்றடி ஓரமாகக் கேட்பாரற்று நின்று, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்தே வருஷம் முழுக்கப் பூத்த கனகாம்பரம், பெங்களூர் மாடித் தொட்டிக்கு வந்ததும் ஏன் நோஞ்சானாகிறது? என் சுற்றத்தில் இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. நர்சரியிலிருந்து வாங்கி வரும்போது பளபளவென்று கரும்பச்சை இலை, நான்கைந்து கதிர். மூன்று மாதம் ஒழுங்காகப் பூக்கும். பிறகு நுனி இலை வெளுக்கும், வரும் கதிரெல்லாம் சிறுத்து வரும், ஒரு நாள் மத்தியானம் செடி தலையைத் தொங்கப் போடும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் தொங்கும். "இந்த ஊர்க் குளிர் இதுக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதே தொட்டி மண்ணில் துளசியை நட்டு வைப்போம்.

குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மூன்றாவது காரணம். முதல் இரண்டும் மண்ணுக்குள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரோடு வருகிறது. இன்னொன்று பெரும்பாலும் செடியோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறது. கனகாம்பரம் பற்றித் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கிற நல்ல குறிப்புகள் பெரும்பாலும் நிலத்தில் பயிரிடும் விவசாயிக்காக எழுதப்பட்டவை. நிலத்தில் வேருக்கு ஓடி ஒளிய இடம் உண்டு. ஆழமான மண் எந்தத் தண்ணீரையும் ஓரளவு சரிக்கட்டிவிடும். பத்து அங்குலத் தொட்டியில் அதெல்லாம் கிடையாது. விவசாயக் குறிப்பைத் தொட்டிக்கு அப்படியே இறக்குமதி செய்வதில்தான் தகராறு தொடங்குகிறது.

இத்தனைக்கும் இந்தப் பூவின் ஆராய்ச்சியில் பெங்களூருக்கு இருக்கும் இடம் வேறு எந்த நகரத்துக்கும் சளைத்ததல்ல. 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் இருக்கிறது. 1894-இல் பெங்களூருக்குக் குடிநீர் கொடுப்பதற்காக அர்க்காவதி ஆற்றில் கட்டிய ஏரியின் பக்கத்தில்தான் வளாகம். அங்கிருந்து அர்கா அம்பரா, அர்கா கனகா, அர்கா ஸ்ரீயா, அர்கா ஸ்ரவ்யா, அர்கா சென்னா என்று வரிசையாகக் கனகாம்பர ரகங்கள் வந்திருக்கின்றன. நகரத்து நர்சரியில் போய் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். "டெல்லி இருக்கு, ஆரஞ்சு இருக்கு, மஞ்சள் வேணும்னா சொல்லி வைக்கணும்" என்பதே பதிலாக இருக்கும். ரகம் தெரிந்து செடி வாங்கும் பழக்கம் ரோஜாவுக்கும் மாமரத்துக்கும் வந்த அளவு கனகாம்பரத்துக்கு இன்னும் வரவில்லை.

செடியின் குலம் கோத்திரம் தெரிந்தால் பாதி வைத்தியம் புரியும். தாவரவியலில் இது கிராஸ்ஸாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ எல்லாம் இதன் பங்காளிகள்; அக்காந்தேசியே குடும்பம். லின்னேயஸ் முதலில் இதை ஆடாதோடையின் இனத்திலேயே சேர்த்து எழுதினார். பிறகு வந்த நீஸ் இதைக் கிராஸ்ஸாண்ட்ரா இனத்துக்கு மாற்றினார். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய்நிலத்தில் அடக்கம். சிறுசெடி என்றும் சொல்ல முடியாமல் புதர் என்றும் சொல்ல முடியாமல் இடைப்பட்ட உயரம், ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையோரக் கர்நாடகத்திலும் கொங்கணியிலும் இதற்கு அப்போலிகே, அபோலி என்று வேறு பெயர். பெங்களூர்க் கன்னடத்தில் நம்மைப்போலவே கனகாம்பர. வாசனை கிடையாது. அதனால்தான் மல்லிக்கும் மரிக்கொழுந்துக்கும் இது ஒத்துப்போகிறது. அவை மணத்தைக் கொடுக்கும், இது நிறத்தைக் கொடுக்கும்.

கதிர் ஒன்றைக் கையில் எடுத்துக் கவனித்தால் செடியின் கணக்கு தெரியும். பச்சைச் செதில்கள் நான்கு பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அடி அடுக்கிலிருந்து பூ அவிழத் தொடங்கி மேலே ஏறும். நுனி வரை போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். பூவின் குழல் நூல் போல மெல்லியது, இதழ் ஒரு பக்கமாக மட்டும் விசிறியாக விரியும். பூத்த பூவைப் பறிக்காமல் விட்டால், நாட்டு ரகத்தில் அதே செதிலுக்குள் நான்கு விதை கொண்ட காய் உருவாகும். காய்ந்து பழுப்பான கதிரின்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். பட் பட்டென்று காய் வெடித்து விதை சிதறும். ஒன்றிரண்டு பக்கத்து வீட்டு பால்கனிக்கே போகலாம். விதையின் மேல்தோலில் செதில் செதிலாக இருப்பது நனைந்ததும் கொழகொழத்து, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மழையோடு முளைப்பதற்குச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. விதை வேண்டுகிறவர்கள் கதிர் பழுக்கும்போதே வெயில் காய்ந்த வேளையில் கொய்து, காகிதப் பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். அதையும் நாள் கடத்தாமல் விதைக்க வேண்டும். பழைய விதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரமே போய்விடும்.

விதையா, குச்சியா என்ற வாதம் இங்கேதான் எழுகிறது. நாட்டு ஆரஞ்சு ரகத்துக்கு இரண்டும் சரி. 'டெல்லி' என்று சொல்லப்படுகிற ரகத்துக்கு விதைக்கே வழியில்லை. இருமயக் கனகாம்பரத்தின் உயிரணுவில் 20 குரோமோசோம்கள். டெல்லி ரகம் மும்மயம், அதில் 30. ஒற்றைப்படையான மூன்று தொகுதியைச் சமமாகப் பிரித்து மகரந்தமும் சூலும் செய்ய முடியாததால் அது மலடு. விதைக்குப் போக வேண்டிய சக்தி பூவுக்குப் போகிறது. பூ பெரிது, நிறம் அடர்த்தி, மகசூல் அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சொல்லும் கணக்கு நாட்டு ரகத்துக்கு 2,000 கிலோ, டெல்லிக்கு 2,800 கிலோ. ஆனால் மலட்டுச் செடியைப் பெருக்கக் குச்சி ஒன்றே வழி. ஒரு செடியின் குச்சி, அதன் குச்சியின் குச்சி என்று போவதால் எங்கே வாங்கினாலும் அநேகமாக ஒரே செடியின் நகல்தான். அதில் ஒன்றைத் தாக்குகிற நோய் எல்லாவற்றையும் தாக்கும்.

இதற்கு நடுவில் வெளிநாட்டுக் கதை ஒன்று. ஸ்வீடனில் இந்தச் செடியிலிருந்து 'மோனா வால்ஹெட்' என்ற குட்டை ரகத்தைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலோரத் தொட்டிச் செடியாக உலகம் முழுக்கப் பரப்பினார்கள். ஆறு மாதம் பனி விழும் நாட்டுக்காரர்களுக்கு அது வீட்டுச் செடி. அவர்கள் குறிப்புகளில் தண்ணீரின் சூடு, காற்றின் ஈரம், வேருக்கான கலவை என்று தொட்டிக்கான பேச்சே இருக்கும். நம் ஊரில் பிறந்த செடியைத் தொட்டியில் வளர்க்கும் சங்கதியை அங்கிருந்து கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி தண்ணீர்.

பெங்களூரில் மூன்று தண்ணீர். தொரேக்காடனஹள்ளியில் சுத்திகரித்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து மேலேற்றி வரும் காவிரி. போர்வெல்லிலும் டேங்கரிலும் வரும் நிலத்தடி நீர். அடுக்குமாடிகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைப்பது. புறநகரில் 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்படும் வரை பல பகுதிகளுக்கு இரண்டாவதுதான் கதி. இன்னும் பலருக்கு அதுதான். பாறை இடுக்குகளில் ஆழமாகத் துளைத்து எடுக்கும் இந்தத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் மட்டுமல்ல, பைகார்பனேட்டும் உண்டு. பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறை அதுதான். தொட்டி மண்ணில் நாள்தோறும் இதை ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை மெல்ல ஏறும். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. காரத்தில் இரும்பு கரையாது. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், ஆனால் அந்தச் செம்மண்ணில் நின்றுகொண்டே கனகாம்பரம் இரும்புப் பஞ்சத்தில் வாடும்.

நிறம் எப்படி வெளுக்கிறது என்று பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கிறது. நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்பு. இரும்பைச் செடியால் இலைவிட்டு இலை நகர்த்த முடியாது. நம்மவர்கள் மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவோ மாட்டு எருவோ போடுகிறார்கள். நோய் ஒன்று, மருந்து வேறு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும்; அதுதான் இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, சாயங்காலம் இலை நனையத் தெளிப்பது வழக்கமான சிகிச்சை. தொட்டிச் செடிக்கு முதல் தடவை பாதி அளவில் தொடங்குவது நல்லது. இதை மண்ணில் ஊற்றினால் காரத்தில் சீக்கிரமே துருவாகி வீணாகும். மண்ணில் இட வேண்டுமானால் கீலேட் இரும்பு. அதிலும் சாதாரண ஈடிடிஏ வகை கார மண்ணில் நிலைக்காது. ஈடிடிஹெச்ஏ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் தேவை சிட்டிகை அளவுதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், வீட்டில் தண்ணீரைச் 'சரிசெய்ய' வைத்திருக்கும் இரண்டு கருவிகளுமே கனகாம்பரத்துக்கு விரோதிகள். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் வீணாகிறதே என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் இருப்பது குடிநீரிலிருந்து ஒதுக்கிய அத்தனை உப்பும். குளியலறைக்கு மாட்டிய சாஃப்ட்னரோ கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட் அப்படியே இருக்கிறது. சோப்பு நுரைக்கும், செடி சாகும். ஆர்ஓ கழிவைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

செடிக்கு உகந்தது மழைத்தண்ணீர். இந்த நகரத்தில் அதற்குச் சட்டமே துணை நிற்கிறது: 2009 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம், புது வீட்டுக்கு 1,200 சதுர அடி மனையே போதும். குழாயைக் குழியில் விடுவதற்கு முன் ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே வைத்தால், ஐந்தாறு தொட்டிக்குப் பல வாரத் தண்ணீர். கொசுவலை கட்டி மூடுவது மறக்கக் கூடாது. மழைத்தண்ணீர் கிடைக்காத மாதங்களில் காவிரி. அதற்கும் சோதனை வந்தது: 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தக் கோடையில் மாடித் தோட்டக்காரர்கள் அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் நம்பியே காலம் தள்ளினார்கள். கனகாம்பரத்துக்கு அது ஒன்றும் குறைவான சாப்பாடு அல்ல. ஊர்க் கிணற்றடியில் அது குடித்ததும் அதைத்தானே.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. நூற்புழு.

கனகாம்பரத்தைப் பயிரிடும் எவரிடமும் முதல் எதிரி யார் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். இரண்டு வகை. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மெலாய்டோகைன் இன்காக்னிட்டா, வேருக்குள் குடியேறி அதை மணிமணியாக வீங்க வைக்கும். வேர் அழுகல் நூற்புழுவான பிராட்டிலெங்கஸ் டெலாட்ரி கனகாம்பரத்தின் பிரத்தியேக விரோதி. அது முடிச்சுப் போடாது, வேரைக் குடைந்து பழுப்பாக்கிக்கொண்டே போகும். குடைந்த வழியில் பியூசேரியம் பூஞ்சை நுழையும். அதற்குப் பிறகு வருவதுதான் அந்த மத்தியான வாட்டம். ஈரமான மண்ணில் நின்றுகொண்டு செடி வாடினால் தண்ணீர் பஞ்சமில்லை, தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். அதன்மேல் இன்னொரு சொம்பு ஊற்றுவது பூஞ்சைக்குச் செய்யும் உபகாரம்.

சந்தேகம் வந்தால் தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதே என் கட்சி. ஒரு கையால் தண்டின் அடியைப் பிடித்து, விளிம்பில் நாலு தட்டுத் தட்டினால் மண்கட்டி அப்படியே கழன்று வரும். வாளித் தண்ணீரில் முக்கி அலசினால், நல்ல செடியில் வெள்ளை வெளேரென்று நார்வேர் கற்றையாக நிற்கும். கெட்டதில் கடுகளவிலிருந்து மிளகளவு வரை வீக்கம். அல்லது வீக்கமே இல்லாமல் வேர் பழுத்து, விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். முடிச்சைக் காணோம் என்பதற்காக நிம்மதி அடைந்துவிட முடியாது. இரண்டாவது வகையும் இருக்கிறதே. பயறு வகைச் செடியின் வேரில் உள்ள நல்ல முடிச்சு நகத்தால் தள்ளினால் உதிரும். இது உதிராது, வேரே வீங்கியது.

இந்தப் புழு மாடிக்கு எப்படி வந்தது? மூன்று வழி. நர்சரிப் பையின் மண்ணோடு. கட்டட வேலைக்குத் தோண்டிக் கொட்டிய, முன்பு காய்கறித் தோட்டமாக இருந்த செம்மண்ணோடு. தக்காளி, கத்தரி, வெண்டை வளர்த்து ஓய்ந்த பழைய தொட்டிக் கலவையோடு. மூன்றாவதுதான் மாடித் தோட்டக்காரர்களின் சொந்தச் சாதனை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் டாக்டர் பி. என். விஸ்வநாத் போன்றவர்கள் பரப்பிய மாடிக் காய்கறித் தோட்டமும், 2011-இல் தொடங்கிய 'ஊட்ட ஃப்ரம் யுவர் தோட்ட' சந்தைகளும் இந்த நகரத்துக்குச் செய்தது பெரிய காரியம். ஆனால் தக்காளி ஓய்ந்த பையில் கனகாம்பரம் நடுவது புழுவுக்குப் பந்தி மாற்றி விரிப்பது. இறந்த கனகாம்பரத்தின் மண்ணில் துளசி வைப்பதும் அப்படியே. துளசியும் அதற்கு இரைதான்.

பழைய கையேடுகளில் இதற்கு ஃபோரேட் குருணை என்று எழுதியிருக்கும். அதை இப்போது மறந்துவிடலாம், மறந்தேயாக வேண்டும். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு ஆணைப்படி 2020 டிசம்பர் 31-க்குப் பின் ஃபோரேட் நாட்டிலேயே தடை. தடை இல்லாதபோதும் குழந்தை ஓடுகிற மாடியில் அந்த விஷத்துக்கு என்ன வேலை?

வீட்டுக்கு ஏற்ற வழிகள் வேறு, மலிவானவையும்கூட. முதலாவது, வெயில். ஏப்ரலில் பெங்களூர் வெயில் 34 டிகிரியைத் தொடும்; 2016-இல் 39.2 வரை போனதும் உண்டு. செம்மண்ணைப் பிட்டுப்பதமாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, சிமென்ட் தளத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் மெலிதாகப் பரப்பி வைத்தால் உள்ளே சூடு ஏறிப் புழுவும் முட்டையும் மாளும். கறுப்புப் பை கூடாது. அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு விடாது. இரண்டாவது, வேப்பம் புண்ணாக்கு: தொட்டிக்கு ஒரு கைப்பிடி, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கலந்து ஈரமாக வைக்க வேண்டும். அதோடு டிரைக்கோடெர்மா, பெசிலோமைசிஸ், பொகோனியா போன்ற நன்மை தரும் பூஞ்சைகளைச் சேர்ப்பது ஹெசரகட்டா நிறுவனம் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்த முறை. மூன்றாவது, செண்டுமல்லி. அதன் வேரில் ஊறும் ஒரு பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. ஆனால் பக்கத்துத் தொட்டியில் வைத்தால் எதுவும் நடக்காது. அதே மண்ணில் மூன்று நான்கு மாதம் வளர்த்து, பிறகு கனகாம்பரம் நட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நான்காவது வழி. இந்தப் புழுக்கள் வேரில் குடியிருப்பவை. தண்டின் நுனிக்கு ஏறுவதில்லை. எனவே வேர் கெட்ட செடியிலும், வாட்டம் தண்டைப் பிடிப்பதற்கு முன்னால், பூக்காத நுனிக் குச்சியை நான்கைந்து அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். அடி இலைகளைக் கிள்ளி, மண்ணே படாமல், கழுவிய தென்னைநார்த் தூளும் மணலும் கலந்த கப்பில் ஊன்றி, நிழலில் ஒரு பாலித்தீன் உறையைக் கவிழ்த்து வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி குப்பைக்குப் போகலாம். அதுவே புழு இல்லாத புதுச்செடியாகப் பிழைத்துவிட்டது. நர்சரியில் டெல்லி ரகம் வாங்கினால்கூட, வந்த அன்றே நுனிகளைக் கிள்ளி வேர் விட வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கனகாம்பரம் எப்படியும் இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு மரத்து, பூ குறைந்துவிடும். அதைக் கிழவியாக்கி வைத்துக்கொண்டு அழுவதைவிட வருஷா வருஷம் வாரிசு எடுப்பது சுலபம்.

வெயில் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. நல்ல வெயில் வேண்டும் என்பார் ஒருவர், தென்னந்தோப்பு நிழலே போதும் என்பார் இன்னொருவர். இருவரும் சரி, அவரவர் ஊருக்கு. பெங்களூரில் கடல்மட்டத்துக்கு மேல் 920 மீட்டரில் காலை வெயிலும் மத்தியான நிழலும்தான் தோது. கிழக்கு பால்கனி கிடைத்தால் வேறு எதுவும் தேட வேண்டாம். மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 13 பாகை வடக்கில் இருக்கும் இந்த ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், மிச்ச மாதங்களில் தெற்கே. வடக்கு பால்கனியில் மே மாதம் பூத்த செடி நவம்பரில் மௌனமாவது இதனால்தான். தொட்டியை இடம் மாற்றுவதற்கு உரம் மாற்றாகாது.

குளிருக்கு வருவோம். ஜனவரியில் குறைந்தபட்ச வெப்பம் சராசரி 15, 16 டிகிரி. 1884 ஜனவரி 13-ஆம் தேதி 7.8 வரை இறங்கியது இன்றுவரை இந்த நகரத்தின் சாதனை. கனகாம்பரம் இந்தக் குளிரில் சாகாது, தூங்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் கதிர் விடுவது குறையும், இலை ஊதா ஓடும். அப்போது உரம் போட்டு எழுப்பக் கூடாது. தண்ணீரைக் குறைத்து, மண் மேல்பக்கம் காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் ஊற்றினால் போதும். அந்த இரண்டு மாதம் தலைக்குப் பூ வேண்டுமானால் பங்காளி டிசம்பர் பூ இருக்கிறது; அதற்கு அதுதான் பருவம். குளிரைவிடச் செப்டம்பர், அக்டோபர் மழைதான் ஆபத்து. அந்த இரண்டு மாதத்தில் தொட்டிக்கு அடித்தட்டு வைக்கவே கூடாது.

உரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாதம் ஒரு பிடி மண்புழு உரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊறவைத்துத் தெளிந்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர். முட்டை ஓட்டுப் பொடி இங்கே வேண்டாம். காரம் ஏறியிருக்கும் தொட்டியில் அது மேலும் சுண்ணாம்பு. வடிகட்டிய காபித் தூள் அமிலம் என்று நம்பி ஊரே தொட்டியில் கொட்டுகிறது. டிகாக்‌ஷனோடு அமிலம் போய்விடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட நடுநிலை. எப்போதாவது ஒரு கரண்டி போட்டால் குற்றமில்லை, அன்றாடம் போட்டால் மேல்மண் பத்துப் பிடித்துப் பூஞ்சை வரும். மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஆனால் அதைச் சுமந்து வரும் எறும்பின் பாதையை முதலில் அடைக்காவிட்டால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, இத்தனையும் செய்தால் எவ்வளவு பூ கிடைக்கும்? யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. நாட்டு ரகத்தை 60-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 55,000 செடி. 2,000 கிலோவைப் பகிர்ந்தால் செடிக்கு ஆண்டுக்கு 36 கிராம். டெல்லி ரகம் 60-க்கு 40 இடைவெளியில் சுமார் 41,000 செடி. செடிக்கு 67 கிராம். கிலோவுக்குச் சுமார் 15,000 பூ என்ற கணக்கில் முதலாவது 540 பூ, இரண்டாவது 1,000 பூ. வாழைநாரில் முடிச்சுக்கு நான்காக நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கு நூறு, நூற்றைம்பது போய்விடும். ஆகவே ஒரு செடி வருஷத்துக்கு நாலைந்து முழம், மிஞ்சிப்போனால் ஏழெட்டு. வாரம் ஒரு முழம் வேண்டுமானால் பத்துத் தொட்டி. ஒரே ஒரு தொட்டி வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று புலம்புவதில் பாதி, செடியின் குறையே அல்ல.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போனால் விலை புரியும். விடியுமுன் கூடையில் குவிந்திருக்கும் உதிரிப்பூவில் ஒரு கிலோ என்பது 15,000 தடவை யாரோ குனிந்து விரலால் உருவியது. ஆவணி நெருங்கி வரமஹாலக்ஷ்மி வெள்ளிக்கிழமை வரும்போது கிலோ ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். "மாரா, முழமாக்கா?" என்று கேட்கும் பூக்காரம்மாவிடம் இரு கையும் விரித்த அகலத்து மாரைக் கேட்கும் தைரியம் அன்றைக்குப் பலருக்கு இராது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வீட்டுப் பூ வேண்டுமென்றால் வேலையைப் பிப்ரவரிக் கடைசியில் தொடங்க வேண்டும், குளிர் விட்டதும். அப்போது ஊன்றிய நுனிக் குச்சி மார்ச் முடிவில் வேர் விட்டிருக்கும். ஏப்ரலில் வெயிலில் வாட்டிய மண் தயாராகும் வரை சின்னக் கப்பிலேயே இருக்கட்டும். மே மாத முதல் மழையோடு பத்து அங்குலத் தொட்டிக்கு மாற்றி, முதல் கதிரைத் தலை காட்டும்போதே கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பிரியும். ஜூலையில் கிளைக்கு ஒரு கதிர். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் அவிழ்ந்த பூவை எடுத்துவிடுங்கள்; நாட்டு ரகமானால் பூ முடிந்த கதிரை அடியோடு வெட்டிவிடுங்கள், காய் பிடிக்க விடாதீர்கள். பண்டிகைக்கு முந்தைய செவ்வாயும் வியாழனும் எடுத்த பூவை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால், வியாழன் ராத்திரி உட்கார்ந்து கட்டிவிடலாம்.